ஒற்றை ஜாக்கி, இரட்டை ஜாக்கி

என் அப்பாவும் மாமாவும் ஒரு முறை ஒன்றரை மாதம் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள். காரணம் ஒரு ஜாக்கி. இதைச் சொன்னால் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நிலத் தகராறு, கல்யாணத் தகராறு என்று ஏதாவது கௌரவமாகச் சொல்லக் கூடாதா என்கிறார்கள். என்ன செய்வது, எங்கள் வீட்டில் நடந்தது ஜாக்கித் தகராறுதான்.

ஜாக்கி என்று நாங்கள் சொல்வது டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் டிப்பர் பெட்டியைத் தூக்கிக் கவிழ்க்கிற இரும்பு உருளையை. டிராக்டரிலிருந்து குழாய் வழியாக எண்ணெய் ஏறினால் அது நீளும். பெட்டியின் முன்பக்கம் மேலே போகும். மண் பின்னால் சரிந்து கொட்டும். லீவரைத் திருப்பினால் பெட்டி தன் கனத்திலேயே கீழே இறங்கும், எண்ணெய் வந்த வழியே திரும்பிப் போகும். எனக்கு அப்போது எட்டு வயது. எட்டு வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அந்த வருடம் ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கம். நெல் விளைந்துகொண்டிருந்த பள்ளமெல்லாம் வீட்டு மனையாகிக்கொண்டிருந்த நேரம். மனை வாங்கியவர் யாராக இருந்தாலும் முதலில் பள்ளத்தை மேடாக்கியாக வேண்டும், அதற்கு வண்டி வண்டியாக மண் அடிக்க வேண்டும். எங்களிடம் டிராக்டர் இருந்தது, பெட்டியும் இருந்தது. ஆனால் அது கவிழாத பெட்டி. கரும்புக்கும் நெல் மூட்டைக்கும் அது போதும். மண் என்றால் நான்கு பேர் மம்பட்டியோடு மேலே ஏறி, வெயிலில் வெந்து, இடுப்பு ஒடியத் தள்ள வேண்டும். அதனால் அப்பா அதை டிப்பராக மாற்றிவிட முடிவு செய்தார். வண்டி அவருடையது, ஓட்டுவது மாமா. எந்த ஜாக்கி போடுவது என்று தீர்மானிக்கிற உரிமை தனக்குத்தான் என்று இருவருமே நினைத்ததில்தான் வம்பு தொடங்கியது.

மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அடுத்த ஊரில் அவருக்கு ஒரு வீடு இருந்தது என்றாலும், காலைப் பலகாரமும் சாயங்காலச் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அதிகம் பேச மாட்டார். ஊரில் சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்பவர், மாமாவை மட்டும் வாடா போடா என்பார். மாமா உள்ளே நுழைந்தால்தான் அப்பாவுக்கு வாயே திறக்கும். அக்கா புருஷன், மச்சான் என்கிற முறையெல்லாம் கல்யாணப் பத்திரிகையோடு சரி. பார்க்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்த இரண்டு பேர் என்றுதான் தோன்றும்.

அப்பாவின் கட்சி ஒற்றை ஜாக்கி. குழாய்க்குள் குழாயாக மூன்று நான்கு அடுக்கு இருக்கும், பெட்டிக்கு அடியில் நடுவாக நிற்கும். மாமாவின் கட்சி இரட்டை ஜாக்கி. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, இரண்டும் சேர்ந்து தூக்கும். ஒருநாள் அப்பா சமையலறைக்குள் போய் அம்மாவின் எவர்சில்வர் அடுக்கு டப்பாக்களை எடுத்து வந்தார். மிளகாய்த்தூளும் தனியாத்தூளும் காகிதத்துக்கு இடம் மாறின. டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டுக் காட்டினார்.

"மடக்கினா இம்மாத்தூண்டு. நீட்டினா ஆள் ஒசரம். பெட்டி செங்குத்தா எழும்பும்டா. ஈர மண்ணுகூட ஒட்டாம ஒரே வழியா வுழும். உன் ரெட்ட ஜாக்கி இன்னா பண்ணும்? பாதி ஒசரம் தூக்கும். மீதி மண்ண எடுக்க மம்பட்டிய எடுத்துகினு நீதான் மேல ஏறணும்."

மாமா சும்மா இருப்பாரா? முறத்தில் அரிசியைக் கொட்டி எடுத்து வந்தார். ஒரு கையால் முறத்தின் நடுவில் தாங்கிப் பிடித்தார். என்னைக் கூப்பிட்டு முறத்தை ஒரு பக்கமாக லேசாகத் தட்டச் சொன்னார். நான் லேசாகத்தான் தட்டினேன். அரிசி வீடெல்லாம் இறைந்தது. பிறகு இரண்டு பக்கமும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, "இப்ப தட்டு பாக்கலாம்" என்றார். முறம் அசையவில்லை.

"நீங்க சொல்றது தார் ரோட்டுல நிக்கிற வண்டிக்கு, மாமா. நம்ப வண்டி சேத்துல நிக்கப் போவுது. ஒரு பக்கத்து சக்கரம் எறங்கிச்சின்னா, நடுவுல ஒத்தக் கால்ல நிக்கிற பெட்டி இன்னா ஆவும்? சாஞ்சிகினு போவும்."

"ரெண்டு ஜாக்கில ஒன்னு வேகமா ஏறி ஒன்னு மெதுவா ஏறினா? பெட்டி முறுக்கிக்காதா?"

"நல்ல ஜாக்கியா போட்டா ஏன் முறுக்கிக்குது?"

அம்மா அரிசியைப் பெருக்கி அள்ளிக்கொண்டே, இந்த இரண்டு பேரையும் அந்தப் பெட்டியில் ஏற்றிக் கொட்டினால் வீடு சுத்தமாகிவிடும் என்றாள்.

வில்லியனூர் போகிற வழியில் ஒரு பட்டறைக்காரர் இருந்தார். டிப்பர் வேலையில் கெட்டிக்காரர். அவரிடம் நியாயம் கேட்கப் போனார்கள். அவர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். ஒரு சின்ன ஜாக்கி கீழே படுத்த மாதிரி இருக்குமாம். அது கத்தரிக்கோல் போன்ற இரண்டு இரும்புக் கைகளை விரித்துப் பெட்டியைத் தூக்குமாம். அடிப்பாகம் அகலம் என்பதால் ஆட்டம் இருக்காதாம், எண்ணெயும் கொஞ்சம் போதுமாம். "அத்தினி மூட்டுக்கும் குனிஞ்சி கிரீஸ் வெக்க நீங்க வருவீங்களா?" என்று மாமா கேட்டார். "நல்லா கேட்டடா" என்றார் அப்பா. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றாகி, பட்டறைக்காரரைத் தோற்கடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலிலேயே மறுபடியும் ஒற்றை, இரட்டை என்று ஆரம்பித்தார்கள்.

கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள். மாரியம்மன் கோயிலில் பூ போட்டுப் பார்ப்பது. வெள்ளைப் பூவை ஒரு காகிதத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பெண் பார்ப்பதற்கும், மனை முகூர்த்தத்துக்கும் எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். ஜாக்கிக்குக் கேட்டது அநேகமாக நாங்கள்தான். வெள்ளை என்றால் ஒற்றை, சிவப்பு என்றால் இரட்டை. குழந்தை நான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தேன். பிரித்தால் மல்லிகை.

மாமா ஒரு நிமிடம் அந்த மல்லிகையைப் பார்த்தார். "அம்மனே உங்க கட்சி மாமா, நான் இன்னா பண்றது" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு முணுமுணுக்கவே இல்லை. ஆவணியில் ஜாக்கி வந்து மாட்டியதும், அது தன்னுடைய யோசனைதான் என்பதுபோல் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுப் பெட்டியைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். வெயில் பட்டால் அந்தக் குழாய்கள் கண்ணாடியாக மின்னும். என்னைப் பொறுத்தவரை அது அம்மன் தேர்ந்தெடுத்த ஜாக்கி, அதுவும் என் கையால் தேர்ந்தெடுத்த ஜாக்கி. அதன்மேல் எனக்கு இருந்த பக்தி கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்தப் பக்திதான் வினையாயிற்று. ஆயுத பூஜை அன்று டிராக்டரையும் டிப்பரையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டார்கள். பெட்டியை முழுசாகத் தூக்கி, அடியில் கட்டையும் முட்டுக்கொடுத்து, ஜாக்கியின் அழகு தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அப்பா அப்படியே நிறுத்தியிருந்தார். பொட்டு வைக்கிற வேலை எனக்கு. "ஒரு எடம் வுடாம வை" என்று அம்மா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கொடுத்தாள். சக்கரம், விளக்கு, ஸ்டீரிங், லீவர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். நடுவில் ஒருதரம் சந்தனக் கிண்ணம் கை நழுவி மண்ணில் விழுந்தது. அம்மா பார்ப்பதற்குள் வழித்து எடுத்துக்கொண்டேன். எல்லோரும் பூசணிக்காய் உடைக்கத் தெருவுக்குப் போனார்கள். நான் சட்டத்தின்மேல் ஏறி நின்று, ஜாக்கிக்கு அடுக்குக்கு அடுக்கு சந்தனம் தீட்டி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு என்றால் ஜாக்கிக்கு அடுக்குக்கு மூன்று. கீழே இறங்கி நின்று பார்த்தபோது எனக்கே கும்பிட வேண்டும் போலிருந்தது.

பூஜை முடிந்து மாமா கட்டையை எடுத்துவிட்டு, டிராக்டரில் உட்கார்ந்தபடி லீவரைத் திருப்பினார். பெட்டி இறங்கியது. என் பொட்டுகள் ஒவ்வொரு அடுக்காக உள்ளே போய் மறைந்தன. சாமி ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேன். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் இருக்க ரப்பர் சீல் என்று ஒன்று இருப்பதோ, மண் கலந்த சந்தனத்தை அதற்குள் இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதோ எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஜாக்கி அழ ஆரம்பித்தது. முதலில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். பிறகு, தூக்கி நிறுத்திய பெட்டி தானாக இறங்கத் தொடங்கியது. ஒருநாள் ஒரு மனையில் பாதி மண் கொட்டியிருந்தபோது பெட்டி அப்படியே கீழே வந்துவிட்டது. அப்பாவுக்கு ஆள் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த நான் அப்பாவின் பைக்கில் தொற்றிக்கொண்டேன். மழையில் நனைந்து நின்ற மாமா எடுத்த எடுப்பில், "நான் அப்பவே சொன்னேன் இல்ல" என்றார். அப்பாவுக்கு அது சுருக்கென்று குத்திவிட்டது.

"ஜாக்கிக்கு ஒன்னும் இல்ல. சாஞ்ச எடத்துல நிறுத்திட்டுத் தூக்கினா எதுதான் நிக்கும்? ஓட்டத் தெரியணும்."

மீதி மண்ணைத் தள்ள வந்த நான்கு ஆட்களின் எதிரில் அப்பா இதைச் சொன்னார். மாமாவைக் கறுப்பு என்று சொல்லலாம், சோம்பேறி என்று சொல்லலாம், இந்த ஜென்மத்தில் உனக்குப் பெண் கிடைக்காது என்றுகூடச் சொல்லலாம், சிரிப்பார். ஓட்டத் தெரியாது என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. டிராக்டரைக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு மீன் குழம்பு. "சாப்ட்டுப் போடா" என்று அம்மா கரண்டியோடு வாசல்வரை ஓடினாள். மாமா மீன் குழம்பைத் தாண்டிப் போனதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். விஷயம் பெரிது என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

என் கவலை வேறு. எனக்கு இன்னும் காது குத்தியிருக்கவில்லை. ஒரு வருடம் பங்காளி வீட்டில் சாவு, அடுத்த வருடம் அப்பாவுக்கு அம்மை என்று தள்ளிப்போய், வருகிற தையில் குலதெய்வம் கோயிலில் கட்டாயம் என்று பேசி வைத்திருந்தார்கள். வகுப்பில் எல்லாப் பெண்களும் கம்மல், ஜிமிக்கி என்று ஆட்டிக்கொண்டு திரிய, நான் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டைக் காதில் ஒட்டிக்கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தேன். காது குத்த வேண்டும் என்றால் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும் என்றால் அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் அவரை முறையாக அழைக்க வேண்டும்.

"அவன் வந்து ஆணில கீற சாவிய எடுக்கட்டும். நான் போய் தட்ட வெக்கிறேன்" என்றார் அப்பா.

தீபாவளிக்கு அம்மா அதிரசத்தைத் தூக்குவாளியில் போட்டு என் சைக்கிளில் மாட்டி அனுப்பினாள். மாமா தன் வீட்டு வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். "அவரு தட்டோட வரட்டும், நான் சாவிய எடுக்கறேன்" என்றார். பிறகு இரண்டு அதிரசம் தின்றுவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஜாக்கி எப்டி கீது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்தித்தாளை மடிக்காமலே, "இன்னா கேட்டான்?" என்றார். ஜாக்கி எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொன்னேன். "ம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதிரசம் துன்னானா?" என்றார். எத்தனை என்றும் கேட்டார். மாமாவுக்கும் அவருக்கும் என் சைக்கிள்தான் தபால் என்றாகிவிட்டது. அப்பாவைப் பற்றி மாமா ஜாக்கியின் பெயரால் கேட்பதும், மாமாவைப் பற்றி அப்பா அதிரசத்தின் பெயரால் கேட்பதுமாக ஓடியது. இரண்டு பேருக்கும் இவ்வளவு பெரிய வயதில் ஏன் நேராகக் கேட்கத் தெரியவில்லை என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அம்மாதான் இரண்டு பக்கமும் இடிபட்டாள். முதல் வாரம் இருவரையும் திட்டினாள். இரண்டாம் வாரம் தோட்டத்துப் பக்கம் போய் செல்போனில் மாமாவிடம் கெஞ்சினாள். அப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் உலையில் போடுகிற அரிசியை மட்டும் அவள் குறைக்கவே இல்லை. தினமும் ஒரு ஆள் சோறு மிஞ்சி, தண்ணீர் ஊற்றி வைக்கப்பட்டது. தவளக்குப்பத்தில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் உண்டு. அவரும் மாமன் முறைதானே, அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள். "கூடப் பொறந்தவன் கல்லு மாரி கீறப்ப நான் எதுக்கு இன்னொருத்தர் மடிய தேடணும்?" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அந்தப் பெரியவரின் மடி பிடிக்கவில்லை. அவர் எப்போதும் மூக்குப்பொடி போட்டுத் தும்முவார். ஊசி காதில் இருக்கும்போது தும்மினால் என்ன ஆவது?

கடைசியில் பொறுமை இழந்தவர் பட்டறைக்காரர். பெட்டி அவர் பட்டறையில் பல நாளாக நின்றுகொண்டிருந்தது. அப்பா ஒருநாள் போய் ஓட்டியவன் தப்பு என்று அரைமணி நேரம் பேசுவார். மறுநாள் மாமா போய் ஜாக்கியே தப்பு என்று அரைமணி நேரம் பேசுவார். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாங்க. ரெண்டு பேர் எதிர்லயும்தான் பிரிப்பேன். இல்லன்னா ரெண்டு பேருக்கும் சேத்து கத்தரிய மாட்டி அனுப்பிடுவேன்" என்று அவர் சொல்லிவிட்டார். அம்மா எனக்குத் தலை வாரிவிட்டு, "நீயும் போ. ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கோ" என்று அனுப்பினாள்.

மார்கழி வெயில் இதமாக இருந்தது. மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு பெஞ்சின் இந்த முனையில் அப்பா, அந்த முனையில் மாமா, நடுவில் நான். ஒற்றையா இரட்டையா என்பது தெரிந்துவிடப்போகிற நாள். யார் ஜெயித்தாலும் தோற்றவர் மற்றவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அந்த வயதிலும் அவ்வளவு புரிந்தது.

பட்டறைக்காரர் ஜாக்கியைப் பிடியில் இறுக்கி, கழுத்துப் பூட்டைத் திருகி, ஒவ்வொரு குழாயாக உருவினார். கருத்த எண்ணெய் தட்டில் ஒழுகியது. சீலைப் பிடுங்கி எடுத்துத் துணியால் துடைத்தவர், துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். துணி சிவப்பாக இருந்தது.

"இன்னாயா இது? ஜாக்கிக்குள்ள குங்குமம் கீது!"

குழாயை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். "ஒத்தையும் காரணம் இல்ல, ரெட்டையும் காரணம் இல்ல. ஓட்டினதுலயும் தப்பு இல்ல. பளபளன்னு கீற எடத்துல மண்ணோட சந்தனத்தப் பூசி உள்ள வுட்டுக்கீறாங்க. அது சீலுல பூந்து அறுத்துக்கீது. ரெட்ட ஜாக்கியா இருந்தா ரெண்டும் போயிருக்கும். எந்தப் புண்ணியவான் வெச்சான் இத?"

அது என் குங்குமம். அடுக்குக்கு மூன்றாக நான் வைத்த குங்குமம். காதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் பிய்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். என்னால்தான் இவ்வளவும் என்று தெரிந்தால் அப்பா என்ன செய்வாரோ, அம்மா என்ன செய்வாளோ என்று பயமாக இருந்தது.

"நான்தான்" என்றது மாமாவின் குரல். "பூச அன்னிக்கி நான்தான் பொட்டு வெச்சேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நீ அப்ப தெருவுல பூசணிக்காய..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் மாமாவைப் பார்த்தார்.

"நான்தான் மாமா வெச்சேன்" என்று மாமா அழுத்திச் சொன்னார். "ஒத்த ஜாக்கி நல்ல ஜாக்கிதான். நான்தான் கெடுத்துட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. ஓ, மாமாவும் வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். யோசிக்க யோசிக்க மாமாமேல் கோபம்கூட வந்தது. நான் பக்தியோடு வைத்த பொட்டு எதையும் கெடுத்திருக்காது. இவர் அழுக்குக் கையோடு வைத்த பொட்டுதான் சீலை அறுத்திருக்க வேண்டும். ஒன்றரை மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது சொல்கிறாரே என்று அவரை முறைத்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். திருட்டுப் பயல் மாதிரி சிரிப்பு வேறு.

அப்பா கீறல் விழுந்த குழாயைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு பட்டறைக்காரரிடம் நிதானமாக, "ரெட்ட ஜாக்கியே மாட்டிடுங்க" என்றார்.

"இன்னாது?" என்றார் மாமா.

"உன்னத்தான் ஓட்டச் சொல்லப் போறேன். நீ கேட்டதையே போட்டுக்க."

"நான் எப்ப கேட்டேன்? அதான் ஜாக்கில தப்பு இல்லன்னு அவரே சொல்றாரே!"

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்று உள்ளேயிருந்தே கத்தினார். இவர்கள் முடிவு செய்யவில்லை. பைக்கை மாமா எடுத்தார். நான் நடுவில், அப்பா பின்னால். பட்டறையிலிருந்து எங்கள் ஊர்வரை என் தலைக்குமேல் சண்டை நடந்தது. காற்றில் கேட்காது என்று இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"ஒரு பக்கத்து சக்கரம் எறங்கினா ஒத்த ஜாக்கி தாங்காதுடா! நடுவுல ஒத்தக் கால்ல நிக்கிற பெட்டி சாஞ்சிடும்!" இது அப்பா.

"ரெட்ட போட்டா பாதி ஒசரம்தான் தூக்கும்! ஈர மண்ணு ஒட்டிகினு நிக்கும்! மம்பட்டிய எடுத்துகினு யாரு ஏறுறது?" இது மாமா.

"நான் ஏறுறேன்!"

"உங்க வயசுக்கு நீங்க ஏறுவீங்க! முறுக்கிகினு போனா இன்னா பண்ணுவீங்க?"

"நல்ல ஜாக்கியா போட்டா ஏன்டா முறுக்கிக்குது?"

எனக்குத் தலை சுற்றியது. ஆடி மாதம் பேசியதை ஆள் மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் தாங்கள் என்ன பேசினோம் என்பதே மறந்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முன்னே நடந்ததைவிட இது பெரிய சண்டை. இந்தத் தையும் போயிற்று.

பைக் வாசலில் நின்றதும் குதித்து உள்ளே ஓடினேன். அவர்கள் இருவரும் கத்திக்கொண்டே பின்னால் வந்தார்கள். ஒன்றரை மாதமாக எங்கள் வாசற்படியை மிதிக்காத மாமா, தான் மிதிக்கிறோம் என்பதே தெரியாமல் உள்ளே வந்து, கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒற்றை ஜாக்கிக்காக வாதாடிக்கொண்டிருந்தார். அப்பா அவருக்கு எதிரில் உட்கார்ந்து தரையில் விரலால் இரண்டு ஜாக்கி வரைந்து காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, மறுபடியும் சண்ட போடுறாங்க" என்றேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகொட்டென்று கொட்டியது. அப்படியே சுவரில் சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். என் அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் காதும் வேண்டாம் ஜிமிக்கியும் வேண்டாம் என்றாகிவிட்டது.

"அழாதம்மா" என்று அவள் கன்னத்தைத் துடைத்தேன். "எனக்கு காதே குத்த வேணாம். நான் ஸ்டிக்கரே ஒட்டிக்கிறேன். நான் போய் அவங்கள நிறுத்தச் சொல்றேன்."

எழுந்து ஓடப்போனவளின் பாவாடையை அம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துப் பார்த்தேன். விடவில்லை. என்னைத் தன் பக்கம் இழுத்து மடியில் போட்டு, சத்தம் போடாதே என்று வாயையும் பொத்தினாள். கூடத்தில் குரல் இன்னும் ஒரு படி ஏறியது. இவ்வளவு அழுகிறவள் அந்தச் சண்டையை நிறுத்த ஏன் என்னை விட மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.